பல்லடம் சாலையில் அழித்த குரல்பதிவு

கடந்த பிப்ரவரியில் யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் குழுவைச் சேர்ந்த தர்ஷினி கோவைக்கு வந்தார். சொந்த நாட்டுக்கு வெளியே வாழ்பவர்களால் ஓட்டுப் போட முடிகிறதா, எது தடுக்கிறது என்று ஐந்து நாட்டுத் தன்னார்வலர்கள் தகவல் திரட்டிப் பகிர்ந்துகொள்ளும் சிறு குழு எங்களுடையது. கோவைக்காரன் என்பதால் இந்தப் பகுதி என் பொறுப்பு. இங்குள்ள இலங்கைத் தமிழர் முகாம்களில் இரண்டு நாட்டிலும் ஓட்டில்லாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைச் சந்திக்கத்தான் இந்தப் பயணம்.

காந்திபுரத்திலிருந்து காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். சூலூர் வழியாகப் பல்லடம் சுமார் நாற்பது கிலோமீட்டர். வாடகைக் கார் போய்வர இரண்டாயிரம் ரூபாய். (பேருந்தும் அடிக்கடி உண்டு.) முகாமுக்குள் போக அனுமதி கிடைக்கவில்லை. அதனால் சாலையோர பேக்கரி ஒன்றுக்கு வர ஒருவர் ஒப்புக்கொண்டார். எந்த முகாம், எந்த பேக்கரி என்று எழுதப்போவதில்லை. அவரை ரவி என்று வைத்துக்கொள்வோம். முப்பத்தைந்து வயதிருக்கும், பெயின்டர்.

அவர் சம்மதத்தோடு தர்ஷினி கைபேசியில் குரலைப் பதிவு செய்யத் தொடங்கினார்.

"எங்க பிறந்தனீங்கள்?"

"இங்க முகாம்லதானுங்க. சிலோன நான் பார்த்ததே இல்லீங்க."

பேச்சு முழுக்கக் கொங்குத் தமிழ். தர்ஷினி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"போன எலெக்சனுக்குப் பூத் வெச்ச பள்ளிக்கூடத்துக்கு நான்தானுங்க பெயின்ட் அடிச்சேன்," என்றார் ரவி. "ஓட்டன்னைக்கு எல்லாருக்கும் லீவு. மேஸ்திரி எனக்கு மட்டும் போன் போட்டு, உனக்குத்தான் ஓட்டில்லையே, வேலைக்கு வந்துருன்னாரு. அவரு தப்பா சொல்லலீங்க. ஆனா அன்னைக்கு எனக்குச் சோறே எறங்கல." தர்ஷினியைப் பார்த்து, "அங்க வந்தா போடலாமுங்களா?" என்று கேட்டார்.

"முதல்ல உங்கட பிறப்பைப் பதிஞ்சு குடியுரிமை எடுக்கவேணும். பிறகு அங்க வந்து இருக்கவேணும். இங்க இருந்து போட ஏலாது."

"அங்க வந்து எந்த ஊட்ல இருக்கறதுங்க?"



அப்போது ரவியின் கைபேசி அடித்தது. எடுத்துக் கேட்டுவிட்டு எங்களிடம் விஷயத்தைச் சொன்னார். வெளிநாட்டு ஆளோடு பேசிக்கொண்டிருப்பதாக யாரோ சொல்லி, முகாமில் போலீசார் அவரைத் தேடுகிறார்களாம்.

"அம்மணி, அதை அழிச்சுப்போடுங்க. எனக்குப் புள்ளைங்க இருக்குதுங்க."

தர்ஷினி மறுபேச்சில்லாமல் அவர் கண்முன்னே அழித்தார். கைபேசியைத் தானும் வாங்கிப் பார்த்த பிறகுதான் ரவி எழுந்தார். நடந்ததை எழுதலாமா என்று கேட்டேன். "நான்தான்னு தெரியாம எழுதிக்கோங்க" என்றவர், வாங்கிய டீயைக் குடிக்காமலே போய்விட்டார்.

அடுத்த வாரம் குழுவின் இணையவழிக் கூட்டத்தில் மற்ற நாட்டினர் திரட்டியதைக் காட்டினார்கள். எங்கள் முறை வந்தபோது, "எங்களிட்ட காட்ட ஒண்டும் இல்லை" என்றார் தர்ஷினி. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த நாட்டின் தகவலுக்குப் போய்விட்டார்கள்.

இதுபோன்ற வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு: அனுமதி கையில் வராமல் போகாதீர்கள். வெளிநாட்டு நண்பரை முதல் சந்திப்பிலேயே கூட்டிப்போகாதீர்கள். நீங்கள் கார் ஏறிப் போனபின் அந்த மனிதரை யார் விசாரிப்பார்கள் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

இரண்டு முறை ரவியை அழைத்தேன். அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை.