ஜீவராணியின் புதன்கிழமை முட்டை

நமுனுகுல மலைச்சரிவில் இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்து ஜீவராணியைத் தெரியாதவர் கிடையாது. கொழுந்து பறிப்பதில் அவள் கெட்டிக்காரிதான். ஆனால் அவளுக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது கொழுந்தல்ல, கோழி. லயத்துப் பின்புறம் பழைய பலகையும் கழித்துப்போட்ட தகரமும் சேர்த்து அவளே கூடு அடித்தாள். ஆணி அடிக்க ஆம்பளை வேண்டுமா என்று கேட்டவர்களிடம், “சுத்தியல் ஆளு பாத்தா அடிக்குது?” என்றாள்.

ஒரு நாள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளை நிறுத்துப் பார்த்தார்கள். தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற இடம் அது. ஒன்றிரண்டைத் தவிர எல்லாப் பிள்ளையும் எடை குறைவு. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாக்கியலெட்சுமி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அந்த இடத்திலேயே ஜீவராணி எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்:

“புதன்கிழமைக்குப் புதன்கிழமை ஆளுக்கொரு முட்டை. அது என் பொறுப்பு.”

புருசன் கிருஷ்ணராஜுக்கு விசயம் பிறகுதான் தெரிந்தது. “எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?” என்றான். “கோழிகிட்டயே கேக்கல,” என்று சிரித்தாள். ஆனால் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினாள். புதன்கிழமை வந்தால் முட்டைக் கூடையோடு அவள் பாதையில் இறங்குவதைப் பார்த்தே பிள்ளைகள் வாசலுக்கு ஓடிவரும்.

அந்த வருசம் கார்த்திகை மழை விடாமல் பிடித்தது. லயத்துக்கு மேலே மண் வெடித்திருப்பதைப் பார்த்த கிராம சேவகர், எல்லோரும் உடனே பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார். துணிமூட்டையும் பிள்ளைகளுமாகச் சனம் இறங்கியது. ஜீவராணி கொழுந்துக் கூடைகளில் கோழிகளை அடைத்து, மலையில் இடுப்பில் கட்டுகிற படங்கால் மூடி, ஒன்றை முதுகிலும் ஒன்றைக் கையிலுமாக எடுத்துக்கொண்டாள்.

“மனுசருக்கே எடமில்லாம போறோம், ஒனக்குக் கோழி கேக்குதா?” என்று கிருஷ்ணராஜ் கத்தினான். கத்திக்கொண்டே மூன்றாவது கூடையை அவன் தூக்கிக்கொண்டான்.

பள்ளிக்கூடத்து விறகுக் கொட்டகையில் கோழிகளுக்கு இடம் கிடைத்தது. சுற்றிலும் நாய்கள், சட்டிபானைச் சத்தம், பிள்ளைகளின் கூச்சல். முதல் நாளே முட்டை குறைந்தது. அடுத்தடுத்த நாட்களில் சுத்தமாக நின்றுபோனது.

மழை விட்டு லயத்துக்குத் திரும்பியபோது வீடுகள் தப்பியிருந்தன. கோழிக்கூட்டை மட்டும் மண் மூடியிருந்தது. ஜீவராணி அழவில்லை. மறுபக்கம், புதர் மண்டிய பழைய மண்மேட்டை ஒட்டிப் புதிதாக ஒரு கூடு அடித்தாள். ஆனால் முட்டை வரவில்லை. போதாததற்குக் கோழிகளின் இறகு கொத்துக்கொத்தாக உதிர ஆரம்பித்தது. கழுத்து வெறுமையாகி, வால் ஒடிந்து, பார்க்கவே பாவமாக நின்றன.

“கண்ணு பட்டுருச்சு,” என்றார்கள் பக்கத்து வீட்டார். இறைச்சிக் கோழி வாங்குகிறவன் மோட்டார் சைக்கிளில் வந்து மொத்தமாகத் தரச் சொன்னான். கிருஷ்ணராஜுக்கும் அது சரியென்றே பட்டது.

“முட்ட போடாத கோழிக்குத் தீனி போட்டு என்னா செய்யப்போற ராணி?”

“மழையில மூணு நாளு நீங்க வேலைக்குப் போகல. நான் சோறு போடலியா?”

கோழி வாங்க வந்தவன் சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினான்.

அந்த வாரம் அவள் பாக்கியலெட்சுமியிடம் நேராகப் போனாள். “அக்கா, முட்ட இல்ல. எப்ப வரும்னு தெரியல. வர்ற வரைக்கும் புதன்கிழம கடல அவிச்சுக் கொண்டாறேன்,” என்றாள். மறைத்துப் பேசவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. கடலை கொண்டுவந்தாள்.

பிறகு பஸ் பிடித்துப் பதுளை டவுனுக்குப் போனாள். கடைவீதியில் கோழித்தீனி விற்கும் அஸீஸ் நானா அவளுக்கு அண்ணன் மாதிரி, நெடுநாள் பழக்கம். அவர் வீட்டிலும் கோழி உண்டு. உதிர்ந்த இறகு ஒன்றைத் தாளில் மடித்துக் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தோல்ல புண், பேன் ஏதும் ஈக்கா?”

“இல்ல நானா. நல்லாப் பாத்துட்டேன். புதுசா முள்ளு மாதிரி மொளைக்குது.”

“அப்ப நோய், வருத்தம் ஒண்டும் இல்ல தங்கச்சி. இறகு மாத்துற காலம். திங்கிறதெல்லாம் இறகுக்குப் போற நேரத்தில முட்டைக்கு எங்கால மிஞ்சும்? அதோட இந்தப் பனியில வெளிச்சமும் கொறவு. வெளிச்சம் கொறஞ்சா கோழி முட்டைய நிப்பாட்டும். அதுக்கு மேல, இடம் மாத்தி மாத்திப் பயங்காட்டியும் ஈக்கீங்க.”

“நானா பயங்காட்டினேன்? மழையில்ல காட்டுச்சு!”

அஸீஸ் நானா சிரித்துவிட்டார். “கோழிக்கு அது வெளங்குமா? பயத்தப் போக்குங்க, நல்ல தீன் குடுங்க. காலம் மாறினா தானா போடும்.”

பயத்தைப் போக்கு என்றால் எந்தப் பயத்தை? ஞாயிற்றுக்கிழமை ஜீவராணி ஒரு வேலையும் வைத்துக்கொள்ளாமல் கூட்டுக்கு எதிரே கல்லில் உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் அவளுக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மண்மேட்டுப் புதர் மறைப்பதால் காலை வெயில் கூட்டுக்குள் விழவே இல்லை. காற்று அடித்தால் கூரைத்தகரம் படபடவென்று அடித்துக்கொண்டது. ஒவ்வோர் அடிக்கும் கோழிகள் மூலைக்கு ஓடின. பக்கத்து லயத்து நாய் வந்து பலகை இடுக்கில் மூக்கை நுழைத்தது. அவளே நீல மழைக்கோட்டோடு கிட்டே போனாலும் மிரண்டன. படங்கு கட்டிப் போனால் மிரளவில்லை.

கூட்டை வேறிடத்துக்கு மாற்றலாமா என்று முதலில் யோசித்தாள். மாற்றினால் அது இன்னொரு பயம். கூடு அங்கேயே இருக்கட்டும், மற்றதை மாற்றுவோம் என்று முடிவெடுத்தாள். மேட்டில் அடர்ந்திருந்த புல்லையும் புதரையும் வெட்டிச் சாய்த்தாள். கிழக்குப் பக்கத்துத் தகரத்தைக் கழற்றி, வெளிச்சம் விடுகிற பிளாஸ்டிக் தகட்டைப் போட்டாள். மீதித் தகரத்தைக் கம்பியால் இறுக்கிக் கட்டினாள். கிருஷ்ணராஜ் முள்வேலி போட்டு நாயை நிறுத்தினான். அவனை யாரும் கேட்கவில்லை. தானாகவே வந்து செய்தான். தீனியோடு கருவாட்டுத் தூளும், கீரையும், இடித்த சிப்பியும் கலந்து வைத்தாள். கூட்டுக்குப் போகும்போதெல்லாம் படங்கைக் கட்டிக்கொண்டுதான் போனாள்.

மார்கழி போயிற்று. கோழிகளுக்குப் புது இறகு மூடிப் பளபளத்தது. முட்டை மட்டும் இல்லை. பிள்ளைக்காம்பராவில் ஒரு வாண்டு கடலையைப் பார்த்துவிட்டு, “கோழி செத்துப்போச்சா?” என்று கேட்டது. “சாகல கண்ணு. சட்ட மாத்துது,” என்றாள்.

பொங்கல் கழிந்து வானம் வெளுத்தது. வெளிறிக் கிடந்த கொண்டைகள் சிவக்கத் தொடங்கின. ஒரு காலை, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போக நேரமாகிறதே என்று அவசரமாகத் தீனி வைக்கப் போனவள், கூட்டு மூலையில் சாம்பல்நிறக் கோழி கொக்கரிப்பதைக் கேட்டு நின்றாள். வைக்கோலில் ஒரு முட்டை. சின்னதுதான். கையில் எடுத்தபோது சூடு இருந்தது. கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

“என்னங்க! இங்க வாங்க!”

அவள் போட்ட சத்தத்தில் லயமே எழுந்து வந்தது. கண்ணு பட்டது என்றவர்களும் வந்தார்கள். அவள் யாரையும் குத்திக்காட்டவில்லை. முட்டையை மட்டும் எல்லோர் கையிலும் கொடுத்து வாங்கினாள்.

அதன்பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மற்றக் கோழிகளும் போட்டன. கிழட்டுக் கோழி ஒன்று மட்டும் போடவே இல்லை. அதை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டதற்கு, “எல்லாத்துக்கும் மொதல்ல எனக்கு முட்ட போட்டுக் குடுத்தது அதுதான். இருக்கட்டும்,” என்றாள்.

மாசி பிறந்த முதல் புதன்கிழமை அவித்த முட்டைகளோடு அவள் பாதையில் இறங்கினாள். பாக்கியலெட்சுமி வாசலிலேயே நின்றிருந்தாள். பிள்ளைகள் வாயெல்லாம் மஞ்சளாகத் தின்றதை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“அடுத்த கார்த்திகைக்கும் இப்பிடித்தானா ராணி?”

“கொஞ்ச நாளைக்குக் கொறையத்தான் செய்யும் அக்கா. அதுங்களுக்கும் ஓய்வு வேணும். இப்பவே குஞ்சு எறக்குறேன். அந்தப் பொட்டைங்க மழைக்கு முன்னாடி போடத் தொடங்கிரும். மத்ததுக்குக் கடல இருக்கு.”

இப்போது கீழ் லயத்திலும் பெண்கள் கூடு அடிக்கிறார்கள். வேலை விட்டு வரும் வழியில் ஜீவராணியை மறித்து, வாசலை எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்கிறார்கள். அவள் கூடையை முதுகிலிருந்து இறக்குவதுகூட இல்லை. வெயில் எந்த மலையிலிருந்து முதலில் எட்டிப்பார்க்கும் என்று கையை நீட்டிக் காட்டிவிட்டு, நிமிர்ந்து நடந்து போகிறாள்.