அந்தக் காகிதத்தை அடைத்தது வள்ளியக்கா அல்ல

செய்தி வந்தபோது நான் சிங்கப்பூருக்கான இரண்டாவது பாலத்துக்குப் போகும் மோட்டார் சைக்கிள் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். விடிந்தும் விடியாத நேரம். வரிசை நகரவில்லை என்று கைப்பேசியை எடுத்தேன். பழைய வேலையிடத்தின் வாட்ஸ்அப் குழுவில் வள்ளியக்காவின் படம். கம்பெனிச் சட்டையில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். 'நம் சர்வீஸ் சென்டர் குடும்பத்தின் மூத்த உறுப்பினர் அமிர்தவள்ளி, மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு நேற்றுக் காலமானார்' என்று கீழே எழுதியிருந்தது. அதற்கும் கீழே கும்பிடும் கைகள், வரிசை வரிசையாக.

எனக்கு அழுகை வரவில்லை. 'குடும்பம்' என்ற சொல்லைப் பார்த்ததும் உடம்பு எரிந்தது. அந்தக் குடும்பம் தன்னிடம் இருந்த மிகச் சிறந்த மெக்கானிக்கைக் கடைசி இரண்டு வருடம் கார் கழுவ வைத்திருந்தது. ஏன் என்று கேட்டால், எஞ்சினின் டர்போவுக்குள் காகிதத்தை மறந்து வைத்து ஒரு காரைக் கெடுத்தவர் அவர் என்பார்கள். அவரைத் தெரிந்த நீங்கள் பலரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாலத்துக்கு இந்தப் பக்கம், கெலாங் பாத்தாவில் இருக்கும் அந்த சர்வீஸ் சென்டரில் நான் முன்மேசையில் இருந்தேன். வாடிக்கையாளர் சொல்லும் குறையைக் கேட்டு, வேலை அட்டையில் எழுதி உள்ளே அனுப்புவது என் வேலை. வள்ளியக்கா காஹாங் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர். அங்கே டிராக்டர் ஷெட்டில் தொழிலைத் தொடங்கி, கணவர் இறந்த பிறகு மகள் சுமதியோடு இந்தப் பக்கம் வந்தவர். ஒரு பெண் ஸ்பானரோடு வந்து நிற்பதைப் பார்த்துச் சில வாடிக்கையாளர்கள் என்னைத் தனியே அழைத்து, வேறு ஆள் இல்லையா என்று கேட்பார்கள். அடுத்த முறை அவர்களே அவர் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள்.

ஒருநாள் ஓர் ஆசிரியை வந்தார். மேட்டில் ஏறும்போது கார் இழுக்கவில்லை, விசிலடிப்பதுபோல் சத்தம் வருகிறது என்றார். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ போய்விட்டது, மாற்றியே ஆகவேண்டும் என்று வேறொரு பட்டறையில் சொல்லியிருந்தார்கள். வள்ளியக்கா, காற்று வடிகட்டிப் பெட்டியிலிருந்து டர்போவுக்குக் காற்றைக் கொண்டுபோகும் கறுப்புக் குழாயைக் கழற்றினார். அதன் ஒரு முனையில் இருந்த கிளிப், விரலால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. குழாயின் உட்புறம் எஞ்சின் ஆவியோடு வந்த எண்ணெய் படிந்து, அதில் தூசி ஒட்டி, கறுப்புக் கூழாக இருந்தது. ஆசிரியையை உள்ளேயே கூப்பிட்டுவிட்டார்.

"டீச்சர், நீங்களே கையை வெச்சுப் பாருங்க. கொழாய் அழுக்கு, கிளிப்பு லூசு. அவ்ளோதான் லா. டர்போ நல்லா இருக்கு. அது மேல ஏன் பழிய போடுறாங்கன்னு தெரியல."

டர்போவின் வாயில் விரலை விட்டு, உள்ளிருக்கும் சின்னக் காற்றாடிச் சக்கரத்தை மெல்லச் சுற்றி, ஆட்டம் இல்லை என்று காட்டினார். பிறகு குழாயை எண்ணெய் எடுக்கும் மருந்தால் கழுவி, சோப்புத் தண்ணீரில் அலசி, காய வைத்தார். அவசரம் என்று யார் வந்து நின்றாலும் ஈரக் குழாயை மாட்டமாட்டார். "ஈரத்தோட போட்டா அந்த ஈரம் எங்க போவும்? எஞ்சினுக்குள்ளதான்" என்பார். மேலாளர் கேட்டாலும் அதே பதில்தான்.

குழாய் வெளியே இருக்கும்வரை டர்போவின் வாய் திறந்து கிடக்கக் கூடாது. உள்ளே ஒரு சின்ன நட்டு விழுந்தாலும் போதும், கதை முடிந்துவிடும். அதற்காக அவர் பழைய சேலையில் கிழித்த நீளமான சிவப்புத் துணி ஒன்று வைத்திருந்தார். ஒரு நுனியை வாயில் அடைத்து, மறுநுனியை பம்பருக்கு வெளியே தொங்கவிடுவார். மறந்தாலும் அது கண்ணில் பட்டுவிடும். மற்றவர்கள் கைக்குக் கிடைத்த நீல டிஷ்யூக் காகிதத்தைச் சுருட்டி அடைப்பார்கள். அதைக் கண்டால் அவருக்கு ஆகாது.

பிறகு ஒரு சனிக்கிழமை, மூவார் நகரில் நாற்காலி மேசை செய்யும் ஒருவர் தன் காரைக் கொண்டுவந்தார். அதே கோளாறு, அதே வேலை. வேலை அட்டையில் வள்ளியக்காவின் பெயரை நான்தான் எழுதினேன். அவர் குழாயைக் கழற்றிக் கழுவி வைத்திருந்தபோது, வேறொரு காரின் பிரேக் வேலைக்கு மேற்பார்வையாளர் அவரைப் போகச் சொன்னார்.

"இன்னும் காயல. அரை மணி நேரம் ஆவும்" என்றார் வள்ளியக்கா.

"நீங்க போங்க அக்கா, இத நான் பாத்துக்கிறேன்" என்றார் மேற்பார்வையாளர்.

சாவி கேட்டு நான் உள்ளே போனபோது, அந்த மேற்பார்வையாளர் சிவப்புத் துணியை உருவி அதாலேயே குழாயின் உட்புறத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பதிலாக டர்போவின் வாயில் நீலக் காகிதத்தை அடைத்திருந்தார். பத்து நிமிடம் கழித்துப் போனபோது குழாய் மாட்டியாகிவிட்டது. அவர் கிளிப்பை முறுக்கிக்கொண்டிருந்தார். காகிதத்தை எடுத்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

கார் மூவார் போய்ச் சேரவில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றுவிட்டது. லாரிகள் பறக்கும் இடத்தில் அந்த மனிதரும் மனைவியும் இழுவை வண்டிக்காக ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார்கள். திங்கட்கிழமை குழாயைக் கழற்றினால், டர்போவின் உடைந்த இறக்கைகளுக்கு நடுவே நீலக் காகிதத் துணுக்குகள்.

மேலாளர் அறையில் நால்வர் இருந்தோம். மேலாளர், மேற்பார்வையாளர், வள்ளியக்கா, நான். தவறை ஒப்புக்கொள்ளும் கடிதம் முன்கூட்டியே அச்சடித்து மேசையில் இருந்தது.

"அட்டையில உங்க பேருதான் இருக்கு. கையெழுத்துப் போட்டுருங்க அக்கா, பெருசா ஆக்காம முடிச்சிரலாம்" என்றார் மேலாளர்.

வள்ளியக்கா கடிதத்தை முழுக்கப் படித்தார். "நான் செஞ்சிருந்தா நீங்க அடிச்சுக் குடுக்க வேணாம், நானே எழுதிக் குடுத்திருப்பேன். நான் பேப்பர் வெக்கிறது இல்ல. மாட்டுனதும் நான் இல்ல. யாரு மாட்டுனாங்கன்னு அவங்களே சொல்லட்டும்."

மேற்பார்வையாளர் சுவரைப் பார்த்தார். வள்ளியக்கா என்னைப் பார்த்தார். என் மனைவிக்கு அப்போது குழந்தை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. பதவி உயர்வுக்கு என் பெயரைக் கொடுத்திருந்தார்கள். இவையெல்லாம் காரணங்கள் அல்ல என்று எனக்கு அன்றைக்கே தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் கையெழுத்துப் போடவில்லை. மறுநாளே ஸ்பானர் பெட்டியை வாங்கிக்கொண்டு, கார் கழுவும் இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். 'பொம்பள கை, மறந்திருக்கும்' என்று தேநீர் நேரத்தில் சிரித்தவர்களும் உண்டு. அவர்களும் இப்போது குழுவில் கும்பிடுகிறார்கள்.

மூன்று வாரம் கழித்து அவரிடம் போனேன். ஒரு காரின் கூரைக்கு நுரை போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் பாத்தேங்கா. அவர்தான் பேப்பர் வெச்சாரு" என்றேன்.

"தெரியும் குணா. ஆனா அத ஏன் எங்கிட்ட வந்து சொல்ற? அங்க போயி சொல்லு."

போய்ச் சொன்னேன். மேலாளர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தியாகிவிட்டது, முடிந்த விஷயத்தைக் கிளறாதே என்றார். எழுத்தில் கொடுத்திருக்கலாம். நான் கொடுக்கவில்லை. சில மாதத்தில் சிங்கப்பூரில் உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் வேலை கிடைத்துப் போய்விட்டேன். போகுமுன், நீங்களும் விலகிவிடுங்கள், உங்கள் கைக்கு எந்தப் பட்டறையிலும் வேலை கிடைக்கும் என்று அவரிடம் சொன்னேன்.

"நான் போனா நான்தான் செஞ்சேன்னு ஆயிரும்" என்றார். "இங்கயே இருப்பேன். தெனமும் என் மூஞ்சிய பாக்கட்டும்."

இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தார். கழுவிய கார்களை வரிசையில் நிறுத்தும்போது எஞ்சின் சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவாராம். மற்ற மெக்கானிக்குகள் யாரும் பார்க்காதபோது வந்து கேட்டுவிட்டுப் போவார்களாம். கேட்டவர்களில் ஒருவர்கூட அவருக்காகப் பேசவில்லை.

இறுதிச் சடங்கு அவர் வீட்டில் நடந்தது. கம்பெனி பெரிய மலர்வளையம் அனுப்பியிருந்தது. அந்த மேற்பார்வையாளர் இப்போது கிளை மேலாளர். உடலை எடுப்பதற்கு முன் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று அவரே முன்னால் வந்தார்.

"வள்ளியக்கா நல்ல உழைப்பாளி. நடுவுல ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. ஆனாலும் கம்பெனி அவங்கள கைவிடல."

செத்துக் கிடந்த மனுஷியின் தலைமாட்டில் நின்று இதைச் சொன்னார். என் கால்கள் தாமாகவே முன்னால் போயின.

"அந்தத் தப்ப அவங்க செய்யல" என்றேன். "காகிதத்த அடைச்சது நீங்க. குழாய மாட்டுனது நீங்க. நான் பாத்துக்கிட்டு நின்னேன்."

கிளை மேலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டு, செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனார். நான் நல்லது செய்துவிட்டதாக ஒரு கணம் நினைத்தேன். சுமதி என் பக்கத்தில் வந்து நின்றாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"அம்மா உயிரோட இருக்கும்போது இத சொல்லியிருக்கலாமே, மாமா."

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், நடந்தது முழுவதையும் எழுதிக் கையெழுத்திட்டு, கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு ஒரு பிரதியும் சுமதிக்கு ஒரு பிரதியும் கொடுத்தேன். தலைமை அலுவலகத்திலிருந்து இன்னும் ஒரு வரி வரவில்லை. கிளை மேலாளர் மட்டும் தொலைபேசியில் கூப்பிட்டு, இறந்தவர் நிம்மதியாகப் போகட்டுமே, எதற்கு இதெல்லாம் என்று கேட்டார். அவர் நிம்மதியாகப் போகவில்லை, சார், என்றேன்.

வள்ளியக்கா யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. ஆனால் தன் கோபத்தை யாருடைய வசதிக்காகவும் ஆறவிட்டதும் இல்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கோபத்தைத்தான். அதில் ஒரு பங்கு என் மேல் அவருக்கு இருந்தது; அதையும் சேர்த்தே வைத்துக்கொண்டிருக்கிறேன்.