அப்பா கை வைத்த ஸ்பீக்கர்

ரிக் வண்டியில் போர்வெல் போட்டுப் போட்டே அப்பாவுக்குக் காது போய்விட்டது. வயர்களை மாற்றி மாற்றிச் செருகி ஒலி உண்டாக்கும் மாடுலர் சிந்தசைசரை நான் வாசிக்கும்போது ஸ்பீக்கரில் உள்ளங்கையை வைத்து அதிர்வைக் கேட்பார்.

சிந்தசைசரில் ஒலி போகும் வயரும், ஒலியைக் கட்டுப்படுத்தும் மின்னழுத்தம் போகும் வயரும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். அன்று அவசரத்தில் இரண்டாவதை, நானே கட்டிய ஆம்ப்ளிஃபயரில் செருகிவிட்டேன். ஸ்பீக்கரின் சவ்வு ஒருமுறை முன்னே தள்ளிக்கொண்டு வந்து அப்படியே நின்றது. உள்ளே கம்பிச்சுருள் கருகிவிட்டது.

அப்பா கையைத் தேய்த்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார்.

"கையும் மரத்துப்போச்சாட்ட இருக்குது சாமி."

தப்பு என்னுடையது என்று சைகை காட்ட ஒரு நொடி போதும். நான் வெட்கப்பட்டு வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

புது ஸ்பீக்கர் வாங்கிய பிறகுதான் உண்மையைச் சைகையில் சொன்னேன். மகன் ஆறுதல் சொல்கிறான் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.