உறை பிரிக்காத ஸ்டூல்

காலையில் எங்கள் தொழிலாளர் சட்ட வக்கீல்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சீனியர் அறிவித்தார்: கடை ஊழியர்களின் உட்காரும் உரிமை பற்றி ஞாயிற்றுக்கிழமை கருத்தரங்கில் பேசுகிறாராம். நானும் கைதட்டினேன்.

மதியம் ஒரு பட்டுப்புடவைக் கடைக்குப் போனேன். புடவை விரித்துக் காட்டிய பெண் கால் மாற்றி மாற்றி நின்றார். பின்னால் ஒரு ஸ்டூல், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்.

"உக்காரும்மா" என்றேன்.

"வேணாம் மேடம், மேனேஜரு பாத்துக்கினு இருக்கறாரு."

மேனேஜரிடமே கேட்டேன்.

"ஸ்டூல் இருக்குதுல்ல மேடம்? அது இருந்தா போதும், யாரும் உக்காரத் தேவையில்லன்னு எங்க வக்கீலே சொல்லிட்டாரு."

யார் அந்த வக்கீல் என்றேன். அதே சீனியர்!

ஞாயிற்றுக்கிழமை மேடை ஏற்பாடு என் பொறுப்பு. அவருக்கும் உறை பிரிக்காத நாற்காலி ஒன்று போடுவேன். உட்காரப் போனால், "இருந்தா போதும் சார், உக்காரத் தேவையில்ல" என்பேன்.

பார்க்க யார் யார் வருகிறீர்கள்?