கரண்ட் நிறுத்தியாச்சா?

இது நடந்தது. பூங்காவனம் கிணற்று மேட்டில் நின்று தன் காதால் கேட்டாள். நம்பாதவர்களோடு அவள் வாதாடுவதில்லை.

எண்பத்து நான்கு, கோடை. குரும்பலூர்ப் பக்கம் ஒரு குடிநீர்க் கிணறு. அங்கே அவளுக்குப் பெருக்கும் வேலை. புருஷன் செல்லப்பன் அந்தக் கிணற்றில் செத்ததால் அரசாங்கம் கொடுத்த வேலை.

செல்லப்பன் மோட்டார் பிட்டர். மோட்டார் கிணற்றுக்குள், பாதி ஆழத்தில், ஒரு மேடை மேல் இருந்தது. பழுது பார்க்க இறங்குகிறவன் மூன்று பியூஸ் கட்டைகளையும் தானே பிடுங்கி மடியில் கட்டிக்கொள்வான். ஏறி வந்த பிறகு தானே போடுவான். கட்டை அவன் மடியில் இருக்கும்வரை மோட்டாருக்குக் கரண்ட் போகாது. அங்கே அதுதான் வழக்கம். ஆனால் அவசரத்துக்கென்று மேசை டிராயரில் இன்னொரு செட் கிடந்தது. ஒருநாள் குடத்தோடு நின்ற கூட்டம் கத்தியது. அப்போதிருந்த ஆபரேட்டர் அதை எடுத்துச் செருகிவிட்டான். இரும்பு ஏணியைப் பிடித்திருந்த செல்லப்பனுக்குக் கரண்ட் அடித்தது.

உடம்பைக் குளிப்பாட்டும்போது மடியை அவிழ்த்தவள் பூங்காவனம். மூன்று கட்டைகளும் இருந்தன.

அவன் செத்து இரண்டு வருஷம் கழித்து, அந்தக் கோடையில், மோட்டார் மறுபடி நின்றது. அரியலூரிலிருந்து மாற்றலாகி வந்த பிட்டர் உத்திராபதி இறங்கினான். கட்டைகள் அவன் மடியில். உச்சி வெயில்.

பூங்காவனம் பெருக்கிக்கொண்டிருந்தாள். கிணற்றுக்குள் உத்திராபதி யாருக்கோ பதில் சொல்வது கேட்டது. ஒரே பதில். திரும்பத் திரும்ப...

வேலை முடித்து ஏறி வந்தவன் முகம் வெளிறியிருந்தது.

"கூட யார எறக்கி வுட்டீங்கக்கா?"

"யாரையும் வுடலியே."

"பனியன் போட்ட ஒருத்தரு. கரண்ட் நிறுத்தியாச்சா, கரண்ட் நிறுத்தியாச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. நிறுத்தியாச்சுண்ணே, பீஸு இந்தா என் மடியிலங்கறேன். நம்ப மாட்டங்கறாரு. ஏணியத் தொடவே பயப்படுறாரு."

பூங்காவனம் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"என்னையக் கேட்டாரா?"

"இல்லக்கா."

"பீஸப் போட்டுடாத. கொஞ்சம் பொறு."

கிணற்று விளிம்பில் குனிந்தாள்.

"நான்தாங்க. நிறுத்தியாச்சு. நான் சொல்றேன்ல... வாங்க, வூட்டுக்குப் போவலாம்."

காதைக் கொடுத்துக் கேட்டாள்.

டங்.

இரும்பு ஏணி.

டங்... டங்...

ஈரக் கை வழுக்கும் சத்தம். இருமல். செல்லப்பனின் இருமல்.

அவள் கையை நீட்டினாள்.

மோட்டார் ஓடியது.

ஏணி ஒரு தடவை அதிர்ந்தது. அப்புறம் தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

புது ஆபரேட்டர் தங்கராசு அறையிலிருந்து வந்தான். செல்லப்பன் செத்த பிறகும் அந்த இன்னொரு செட்டை டிராயரிலிருந்து யாரும் அப்புறப்படுத்தியிருக்கவில்லை. அதைத்தான் போட்டிருந்தான்.

"என்னக்கா அழுவுறீங்க? ஆளுதான் ஏறியாச்சே. எல்லாரும் மேலதான நிக்கிறீங்க? அங்க பொம்பளைங்க குடத்தாலயே என் மண்டைய ஒடச்சிடுவாளுவ."

பூங்காவனம் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

தங்கராசு போகத் திரும்பினான். நின்றான்.

"மீட்டர் முள்ளுதான் ஒரு தடவ எகிறிச்சு. ஆளு மாட்டுன மாதிரி."

ஊருக்குத் தண்ணீர் போனது.

அடுத்த மாதம் உத்திராபதி மறுபடி இறங்கினான். அவன் ஏறி வரும்வரை பூங்காவனம் ஏணியருகே நின்றாள்.

"கேட்டாரா?"

உத்திராபதி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நானே கூப்புட்டுப் பாத்தேங்க்கா. யாருமில்ல."