மாடித் தொட்டியில் பனையேறிக் கெண்டை

அத்தை கோடை விடுமுறைக்கு என்றுதான் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கல்யாணமாகித் திருச்சியில் இருந்த அவள், அப்பாவின் ஒரே தங்கை. நான் அப்போது நான்காம் வகுப்பு முடித்திருந்தேன். விடுமுறைக்கு எதற்கு இரண்டு பெரிய பெட்டி என்று கேட்டேன். ஒன்றில் சேலை, இன்னொன்றில் சுடிதார் என்றாள். அது எனக்கு நியாயமாகவே பட்டது. அந்த வெயிலிலும் அவள் முழுக்கைச் சட்டைதான் போட்டிருந்தாள். திருச்சியில் அப்படித்தான் போடுவார்கள்போல என்று அதையும் ஏற்றுக்கொண்டேன். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. எனக்கு விடுமுறை முடிந்தது. அத்தைக்கு முடியவில்லை.

அந்த நாட்களில் அவள் அதிகம் பேசமாட்டாள். தாராசுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து செல்போனில் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் நானும் எட்டிப் பார்த்தேன். அமெரிக்காக்காரர் ஒருவர் தம் கொல்லையில் மீன் வளர்த்துக்கொண்டிருந்தார். மீன் தொட்டியின் தண்ணீரைச் சின்ன மோட்டார் ஒன்று மேலே ஏற்றியது. அங்கே ஜல்லி நிரப்பிய தொட்டியில் கீரை வளர்ந்தது. மீனின் கழிவு கீரைக்கு உரமாகி, தெளிந்த தண்ணீர் மறுபடி மீனிடமே இறங்கியது. அந்த மீனின் பெயர் புளூகில். உள்ளங்கை அகலத்தில், செவுள் ஓரம் மை தொட்டு வைத்ததுபோல் நீலமாக இருந்தது. அத்தை விலங்கியல் படித்தவள். அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள்.

மறுநாளே என்னையும் கூட்டிக்கொண்டு கும்பகோணத்துக்கு டவுன் பஸ் ஏறினாள். கலர் மீன் கடைக்காரர் புளூகில் என்ற பெயரைக் கேட்டுக் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "நீலம்தானேங்க வேணும்?" என்று ஒரு கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். அதிலிருந்தது கட்டை விரல் அளவு அலங்கார மீன். அது வளர்ந்தாலும் கட்டை விரல் அளவுதான் இருக்கும் என்று அத்தை சொன்னதும், அப்படியானால் இரண்டாக வாங்கிக்கொள்ளலாமே என்றார்.

அடுத்து ஒரு மீன்குஞ்சுப் பண்ணைக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி பொறுமையாக விளக்கினார். அது வெளிநாட்டு மீன், அனுமதியில்லாமல் கொண்டுவர முடியாது. தப்பி வாய்க்காலில் விழுந்தால் நம்மூர் மீன்களின் முட்டையைத் தின்று தீர்த்துவிடும். அத்தைக்கும் அது சரியாகவே பட்டது. திரும்பும்போது கெண்டைக் குஞ்சுகளை வாங்கிக்கொண்டாள். எனக்குத்தான் நீலம் போனதில் வருத்தம்.

அப்பா கும்பகோணத்தில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தார். தங்கையோடு அவர் அந்த நாட்களில் சரியாகப் பேசியதாக நினைவில்லை. மாடியில் மீன் எதற்கு என்று அம்மாவிடம் முணுமுணுத்தார். ஆனால் மறுநாள் கடையிலிருந்து பெரிய பிளாஸ்டிக் டிரம் ஒன்றும், குழாய்களும், சின்ன மோட்டாரும் வந்து சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமே எல்லாவற்றையும் பொருத்தினார். ஜல்லியில் நல்ல நுண்ணுயிர்கள் குடியேறும்வரை குஞ்சுகளை விடக்கூடாது என்று அத்தை பல வாரம் அவற்றைத் தனித் தொட்டியில் வைத்துக் காப்பாற்றினாள். பிறகுதான் டிரம்முக்கு மாற்றினாள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் காலையில் போன கரண்டு பொழுது சாயும்வரை வரவில்லை. மோட்டார் நின்றது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது குஞ்சுகள் எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்துகொண்டிருந்தன. அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தான் கை வைத்தால் எதுதான் விளங்கும் என்று அம்மாவிடம் சொன்னாள். மீனுக்காக ஒருவர் இவ்வளவு அழுவார் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

ஒரு வாரம் டிரம் காலியாகக் கிடந்தது. பிறகு ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்த அத்தை வாயில் நுரையோடே, "பனையேறி" என்றாள். பனையேறிக் கெண்டை தண்ணீரில் காற்று குறைந்தால் மேலே வந்து வாயால் மூச்சு விடும். கரண்டு இல்லையென்றாலும் அதற்குக் கவலையில்லை. வாய்க்கால் பாலத்தில் உயிர்மீன் விற்பவர்களிடம் சொல்லிவைத்துச் சின்னதாகப் பார்த்து வாங்கினோம். நீலம் கிடையாது, சேற்று நிறம், முரட்டுச் செதில், முகத்தில் எப்போதும் ஒரு கோபம். புண்ணாக்கும் தவிடும் பிசைந்து போட்டோம். மண்புழு தோண்டுவது என் பொறுப்பு. ஜல்லியில் புதினாவும் பொன்னாங்கண்ணியும் தழைத்தன. மீன் தண்ணீரில் வளர்ந்ததைத் தொடமாட்டேன் என்றிருந்த அம்மா, ஒரு நாள் விருந்தாளி வந்த அவசரத்தில் புதினா பறித்தாள். அதன்பிறகு அவளுக்கு அந்தக் கொள்கை மறந்துபோனது.

ஐப்பசியில், நல்ல மழையில், திருச்சியிலிருந்து கார் வந்தது. அத்தையின் கணவரும் அவருடைய அண்ணனும் இறங்கினார்கள். அண்ணன்தான் பேசினார். குடும்பம் என்றால் முன்னே பின்னே இருக்கும், பெண்பிள்ளைதான் அனுசரித்துப் போகவேண்டும் என்று நெடுநேரம் சொன்னார். அப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அத்தை சமையலறை வாசலில் நின்றாள். எனக்குக் கொட்டாவி வந்தது.

அப்போது மாடிப் படியில் சொத்தென்று ஒரு சத்தம். தொடர்ந்து இன்னொன்று. வடிகுழாயில் சருகு அடைத்து டிரம் நிரம்பி வழிந்திருக்கிறது, மேலே கட்டிய வலையும் காற்றில் விலகியிருக்கிறது. பனையேறிகளுக்கு மழை கண்டால் நிலைகொள்ளாது. செவுள் மூடியைத் தரையில் ஊன்றி ஊன்றி, படிக்குப் படி விழுந்து, வரிசையாகக் கூடத்துக்குள் வந்தன. முதலில் வந்தது நேரே அந்த அண்ணனை நோக்கிப் போனது. பேசிக்கொண்டிருந்தவர் இரண்டு காலையும் சோபாவின் மேல் தூக்கி வைத்துக்கொண்டார். நான் சிரித்தேன். அம்மா என்னை முறைத்தாள். பிறகு அத்தை சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

அவளும் நானும் வாளியோடு ஓடினோம். அப்பாவும் தோளிலிருந்த துண்டைப் போட்டு மீன் பிடிக்கத் தரையில் மண்டியிட்டார். அத்தையின் கணவர் மட்டும் எழுந்து நின்று, "போதும் இந்தக் கூத்து. கிளம்பு" என்றார்.

அத்தையின் கையில் வாளி அப்படியே நின்றது. அப்பா மண்டியிட்டபடியே நிமிர்ந்து பார்த்தார்.

"அவ வரமாட்டா, மாப்பிள்ளை. இந்த மீனையெல்லாம் யாரு பாக்குறது?"

"மீனுக்காகவா அனுப்பமாட்டேங்கிறீங்க?" என்றார் அண்ணன், காலை இறக்காமலே.

"ஆமாங்க. மீனுக்காகத்தான்."

கார் கிளம்பிப்போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் மீன் எவ்வளவு முக்கியமானது என்று வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். மீன் இருப்பதால்தான் எங்கள் அத்தை எங்களோடு இருக்கிறாள் என்று சொன்னேன். மண்புழு தோண்டுவதையும் இருமடங்காக்கினேன்.

சிக்கல் தவக்காலத்தில் வந்தது. இறைச்சி இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை, மாடியில் வளர்ந்ததைப் பிடித்துக் குழம்பு வைக்கலாம் என்று அப்பா சொன்னார். அத்தையும் சரி என்றாள். நான் வலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஆசையாக வளர்த்ததில்லையா என்று எல்லோரும் என்னைத் தேற்றினார்கள். எனக்கு அழுகை முட்டியது.

"மீன் தீந்துட்டா நீ திருச்சிக்குப் போயிடணும்ல?" என்றேன் அத்தையிடம்.

 அப்பா அத்தையைப் பார்க்காமல் மோட்டாரைப் பார்த்துக்கொண்டு, "அடுத்த குஞ்சுக்குச் சொல்லியாச்சு. அதுக்கப்புறமும் வரும். தீராது" என்றார்.

அதற்குமேல் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. அன்று மத்தியானம் நான்தான் அதிகம் சாப்பிட்டேன். அம்மா பெரிய மீனை அத்தையின் தட்டில் வைத்தாள். அத்தை ஒரு வாய் எடுத்து வைத்தவள், மெல்லாமல், கண் கலங்க அப்படியே உட்கார்ந்திருந்தாள். பனையேறியில் முள் அதிகம். தொண்டையில் குத்திவிட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது. வெறும் சோற்றை உருட்டி அவள் கையில் கொடுத்து, மெல்லாமல் முழுங்கச் சொன்னேன். அவளும் முழுங்கினாள். முள் இறங்கிவிட்டதா என்று கேட்டேன். இறங்கிவிட்டது என்றாள்.