என் கையில் இருந்த பாஸ்போர்ட்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாவது வரைதான் படித்தேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓமானில் உள்ள சோஹாரிலிருந்து துபாய் சைட்டுக்குக் கம்பெனி வேனில் போகிறோம். எல்லைச் சாவடியில் முத்திரை குத்தி, பாஸ்போர்ட்டை என் கையிலேயே கொடுக்கிறார்கள். மூன்று வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் அதைத் தொடுகிறேன். கம்பெனிதான் வைத்திருக்கும்; வேனில் ஏறும் முன் திரும்ப வாங்கிக்கொள்ளும். அடுத்த மாதம் மகள் கல்யாணம். லீவு கேட்டும் பாஸ்போர்ட்டைத் தரவில்லை.

வேன் நிழலில் எங்கள் இன்ஜினியர்கள் இருவர், ஒரு லண்டன்காரரும் ஒரு அமெரிக்கரும், வாக்குவாதம் செய்கிறார்கள். என்ன சண்டை என்று ஆபீஸ் கிளார்க் யோகனிடம் மெதுவாகக் கேட்கிறேன். அவர் யாழ்ப்பாணம்.

"லண்டனிலை எல்லாருக்கும் அடையாள அட்டை குடுக்கப் போறாங்களாம், அண்ணை. சட்டம் போட்டு அரசாங்கம் செய்தால் என்ன பிழை எண்டுறார் லண்டன்காரர். அமெரிக்கன் விடுறான் இல்லை. உரிமை பிறப்போடை வந்ததாம், அரசாங்கம் தள்ளி நிக்கோணுமாம்."

"அப்ப என் பாஸ்போர்ட்டுக்கு யார் சொல்றது சரி?"

யோகன் சிரித்துவிட்டு அதை அவர்களிடமே கேட்கிறார். கொடுக்காதே என்கிறார் அமெரிக்கர். இப்போது கொடுத்துவிட்டு உன் தூதரகத்துக்கு எழுது, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்கிறார் லண்டன்காரர். எனக்கு இரண்டுமே சரியாகப் படுகிறது.

பாஸ்போர்ட்டுகளைத் திரும்ப வாங்க டிரைவர் பையை விரித்துக்கொண்டு வருகிறார். "யல்லா பாய், ஜல்தி," சீக்கிரம் போடு என்கிறார்.

மற்றத் தொழிலாளர்கள் போட்டுவிட்டார்கள். இன்ஜினியர்களின் பாஸ்போர்ட் அவரவர் சட்டைப்பையில் இருக்கிறது. யார் ஜெயித்தார் என்று என் கை சொல்லப்போவதுபோல இருவரும் பார்க்கிறார்கள்.

போட்டுவிடுகிறேன். லண்டன்காரர் சந்தோஷமாகத் தலையாட்டுகிறார். கடிதம் போய்ச் சேர்வதற்குள் கல்யாணம் முடிந்துவிடாதா என்று அவரைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நடந்த இதை இன்றுதான் எழுத உட்கார்ந்தேன்: வெள்ளிக்கிழமை, 17-3-2006.